கஞ்சமலை அடிவாரத்துல மண்ணு உலையில இரும்பு எடுக்கற ஒரு நாள் பட்டறை – பிள்ளைங்களோட போயிட்டு வந்த ரிவ்யூ

சேலம் கஞ்சமலை அடிவாரத்துல ஒரு தென்னந்தோப்புல பிள்ளைங்களுக்காக நடத்துற மண்ணு உலை பட்டறைக்கு எம்பொண்ணையும் (நாலாவது படிக்கறா) எங்கண்ணன் பையனையும் (ஏழாவது) கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். அபார்ட்மெண்ட் குரூப்லயும் ஸ்கூல் குரூப்லயும் எப்படி இருந்துச்சு, குடுத்த காசுக்குத் தேறுமான்னு ஆளாளுக்குக் கேக்கறீங்க, அதான் ஒரே இடத்துல விவரமா எழுதிடலாம்னு. முதல்லயே சொல்லிடறேன், எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, 5க்கு 4 ஸ்டார். அந்த ஒரு ஸ்டாரை ஏன் குறைச்சேன்னு கீழ வருது.

பட்டறை என்னன்னா, காலைல ஒரு கூடை கருப்புக் கல்லை வெச்சு ஆரம்பிக்கறாங்க, சாயங்காலம் அதுல இருந்து இரும்பு எடுத்து அடிச்சுக் காமிக்கறாங்க. நடுவுல எந்த இடத்துலயும் இரும்பு உருகறதே இல்ல. இதைத்தான் பிள்ளைங்க புரிஞ்சுக்கணும்னு அவங்க நாள் பூரா மெனக்கெடறாங்க, அது நிஜமாவே புரியவும் செய்யுது. ஸ்கூல் புக்குல பெரிய ஊதுலை படம் இருக்கும், கீழ சிவப்பா இரும்பு ஓடி வரும், அதைப் பாத்துப் பாத்து இரும்புன்னா உருக்கித்தான் எடுப்பாங்கன்னு எல்லா பிள்ளைங்க மனசுலயும் பதிஞ்சு போயிருக்கு. ஆனா நம்ம ஊர்லயும் சரி, ஆப்பிரிக்கா ஐரோப்பாலயும் சரி, ஆயிரக்கணக்கான வருஷமா மனுஷங்க இரும்பு எடுத்த வழி வேற. சீனாக்காரங்க மட்டும்தான் ரொம்ப சீக்கிரமே, ஏறக்குறைய 2500 வருஷம் முன்னாடியே, உருக்கி வார்க்கற பக்கம் போயிட்டாங்க. மத்தவங்க எல்லாரும் உருக்காமலே எடுத்தவங்க.

காலைல போனதும் ஆளுக்கு ஒரு துண்டு தாதுக்கல்லு கையில குடுத்தாங்க. கஞ்சமலைக் கல்லு பாத்திருப்பீங்க, கருப்பும் வெள்ளையும் வரிவரியா இருக்கும், கருப்பு வரி மேக்னடைட்டு (இரும்பு இருக்கறது இதுலதான்), வெள்ளை வரி குவார்ட்ஸ் (இரும்பு இல்லாத கல்லு). தூக்கிப் பாத்தாலே சாதாக் கல்லை விடக் கனம். கூட ஒரு காந்தமும் குடுத்தாங்க, கருப்பு வரில டப்புன்னு ஒட்டுது. உடனே எங்கண்ணன் பையன் கேட்டான், "அக்கா ஏற்கனவே காந்தத்துல ஒட்டுதே, அப்ப இது இரும்புதானே, இதுக்கு எதுக்கு உலை?" நல்ல கேள்வி. அங்க சொல்லிக் குடுக்கற அக்கா (மெட்டலர்ஜி படிச்ச பொண்ணு, வயசு இருபத்தஞ்சு கூட இருக்காது) பதிலே சொல்லல, கல்லைப் பட்டறைக்கல்லு மேல வெச்சு, கண்ணாடி போட்டுவிட்டு, சுத்தியலைக் குடுத்து அடிடான்னாங்க. ஓங்கி ஒரு அடி, கல்லு பொடிப்பொடியா சிதறிடுச்சு. "இரும்பா இருந்தா நசுங்கும், உடையாது. இதை ஞாபகம் வெச்சுக்கோ, இன்னைக்குப் பூரா இதே சுத்தியல்தான் நமக்கு டெஸ்ட்டு"ன்னாங்க. அந்த ஒரு சுத்தியலை வெச்சே மொத்த நாளையும் நடத்துனது எனக்கு ரொம்ப ரொம்பப் பிடிச்சுது, ஏன்னா அது பிள்ளைங்க தானே அடிச்சுப் பாத்து தெரிஞ்சுக்கற விஷயம், யார் சொல்றதையும் அப்படியே நம்பிக்க வேண்டியதில்ல.

அப்பறம் கல்லை இடிச்சு, தண்ணி விட்டு அலசி, வெள்ளைப் பொடியைப் போக்கிட்டு கருப்பை மட்டும் ஒதுக்கற வேலை. பழைய காலத்துல சேலம் பக்கத்து உலைக்காரங்களும் இப்படித்தான் இடிச்சுப் புடைச்சு எடுத்திருக்காங்க, மழைக்கு அப்பறம் ஓடையில ஒதுங்கற கருமணலையும் வாரிட்டு வருவாங்களாம். பிள்ளைங்களுக்கு இந்தத் தண்ணி வேலைதான் கொண்டாட்டம், ட்ரெஸ் எல்லாம் கருப்பாகிடும், பழைய ட்ரெஸ் போட்டு விடுங்க.

இனி வர்றதுதான் எனக்குத் தெரிஞ்சு இந்தப் பட்டறையோட உசிரு. தாதுல இரும்பு தனியா இல்ல, ஆக்சிஜனோட கை கோத்துட்டு இருக்கு, அதைப் பிரிக்கறதுதான் வேலை, இதை போர்டுல எழுதிப் போட்டிருந்தா எம்பொண்ணு அஞ்சு நிமிஷத்துல கொட்டாவி விட்டிருப்பா. இவங்க அதை ஒரு விளையாட்டா ஆக்கிட்டாங்க. மேக்னடைட்டுல மூணு இரும்பு அணுவுக்கு நாலு ஆக்சிஜன் அணு. அதனால மூணு பிள்ளைங்களுக்கு தலையில சிவப்பு நாடா கட்டி இரும்புன்னும், நாலு பிள்ளைங்களுக்கு நீல நாடா கட்டி ஆக்சிஜன்னும் வெச்சு எல்லாரும் கை கோத்து நிக்கணும். இந்தப் பக்கம் கருப்பு நாடா கட்டுன நாலு பிள்ளைங்க, அவங்க கார்பன், அதாவது கரி. ஒவ்வொரு கார்பனும் ஒரு கையில ஏற்கனவே ஒரு நீல நாடாவைப் பிடிச்சிருக்கும், இன்னொரு கை சும்மா இருக்கும். இந்த ஜோடிக்குப் பேரு கார்பன் மோனாக்சைடு. இதுங்க வாயுவா இருக்கறதால உலைக்குள்ள எங்க வேணா நுழைஞ்சு போகும்.

முதல் ஜோடி ஓடி வந்து, சும்மா இருக்கற கையால ஒரு ஆக்சிஜனைப் பிடிச்சு இழுத்துட்டு ஓடிடும். இப்ப பாத்தா மூணு இரும்பு, மூணு ஆக்சிஜன், மூணு ஜோடியா நிக்குதுங்க. அப்பறம் மத்த மூணு பேரும் ஒவ்வொருத்தரா வந்து ஆளுக்கு ஒரு ஆக்சிஜனை இழுத்துட்டுப் போவாங்க. ரெண்டு கையிலயும் ஆக்சிஜன் பிடிச்சவங்க எல்லாம் கார்பன் டை ஆக்சைடு, அவங்க மேல புகையா வெளிய போயிடணும்னு தென்னமரம் வரைக்கும் ஓட விட்டாங்க. கடைசில மூணு சிவப்பு நாடா மட்டும் தனியா நிக்குது. அப்ப அந்த அக்கா கேட்டாங்க, "இப்ப இதுல யாராச்சும் உருகுனீங்களா?" எல்லாரும் சேந்து இல்லேன்னு கத்துனாங்க. "சூடு எதுக்கு வேணும்னா, கையை விட வைக்கறதுக்கு. ஓட வைக்கறதுக்கு இல்ல." இதை விட நல்லா ஒரு நாலாவது படிக்கற பிள்ளைக்கு யாராலும் சொல்ல முடியாதுங்க. மொத்தம் 15 பேர் வேணும் இந்த விளையாட்டுக்கு, அதனாலதான் ஒரு பேட்ச்சுக்கு அதுக்குக் குறைஞ்சா நடத்த மாட்டாங்களாம், ஃபோன் பண்ணும்போதே கேட்டுக்கங்க.

கரி எரிஞ்சா கார்பன் டை ஆக்சைடுதானே வரும், மோனாக்சைடு எப்படி வந்துச்சுன்னு ஒரு பெரிய பொண்ணு கேட்டா. காத்து நுழையற இடத்துல முதல்ல வர்றது டை ஆக்சைடுதான், அது மேல ஏறும்போது சுத்தி பழுக்கக் காஞ்ச கரியாவே இருக்கறதால அந்தக் கரி ஒரு ஆக்சிஜனைப் பிடுங்கிக்கும், ரெண்டும் மோனாக்சைடா ஆயிடும்னு சொன்னாங்க. அதனாலதான் தாதுக்குச் சமமா, சில சமயம் அதுக்கு மேலயும் கரி போடறாங்க. கரி இங்க சூட்டுக்கும் ஆச்சு, ஆக்சிஜனைப் பிரிக்கறதுக்கும் ஆச்சு. அவங்க போட்டது சீமைக் கருவேலங்கரி.

உலை முந்தின நாளே கட்டிக் காய வெச்சிருந்தாங்க, களிமண்ணு, மணல், வைக்கோல் கலந்து, உயரம் எம்பொண்ணு நெஞ்சு வரைக்கும் வருது, உள்ள ரெண்டு சாண் அகலம் இருந்தா அதிகம். அடியில காத்துக்கு ஒரு களிமண் குழாய், முன்னாடி கசடு (உருகி வர்ற கழிவு) வெளிய விட ஒரு ஓட்டை, அதைக் களிமண்ணால அடைச்சிருக்கும். அந்த அடைப்பு மட்டும் பிள்ளைங்க கையால செஞ்சது. முதல்ல விறகு போட்டு நல்லா காய வெக்கறாங்க, அப்பறம் கரி, அப்பறம் ஒரு கை தாது, திரும்ப கரி, திரும்ப தாது, இப்படியே மணிக்கணக்கா போகுது. கொஞ்ச நேரத்துக்கு ஆட்டுத்தோல் துருத்தி ரெண்டு வெச்சு, ஒண்ணு அமுங்கும்போது ஒண்ணு விரிஞ்சு, காத்து நிக்காம வர்ற மாதிரி பழைய முறைல ஊதிக் காமிச்சாங்க, பிள்ளைங்களையும் மாத்தி மாத்தி ஊத விட்டாங்க. ரெண்டு நிமிஷத்துல கை ஓஞ்சு போகுது. அப்பறம் கைப்பிடி சுத்தற ப்ளோயருக்கு மாத்திட்டாங்க, சரியான முடிவு, இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள ஒண்ணும் ஆகாது. துருத்தியே இல்லாம முடியாதான்னு ஒரு பையன் கேட்டதுக்கு இலங்கைல சமனலவெவ பக்கம் மலைச்சரிவுல மேற்க பாத்து உலை கட்டி, பருவக்காத்து அடிக்கற மாசத்துல அந்தக் காத்தை வெச்சே இரும்பு எடுத்த கதையைச் சொன்னாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின உலைங்களைத் தோண்டி எடுத்து, அதே கணக்குல ஒண்ணு கட்டி ஓட்டிப் பாத்து, நடக்கும்னு ஆராய்ச்சியாளர்கள் காமிச்சிருக்காங்க. எனக்கே இது புதுசு.

மேல பாத்தா நீலமா ஒரு ஜுவாலை ஆடிட்டே இருக்கு. மிச்சமான மோனாக்சைடு வெளிக்காத்து பட்டு எரியறது அது. இங்க ஒரு விஷயம் அழுத்தமா சொல்லணும், கார்பன் மோனாக்சைடு விஷம், வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது, மூடின இடத்துல ஆளைக் கொன்னுடும். இவங்க திறந்த தோப்புல, காத்து அடிக்கற பக்கமாத்தான் பிள்ளைங்களை உக்கார வெச்சாங்க, கயிறு கட்டி அதைத் தாண்ட விடல, ரெண்டு பேர் அதுக்குன்னே நின்னாங்க. அந்த விஷயத்துல எனக்குக் குறையே இல்ல. தயவு செஞ்சு வீட்டு மொட்டை மாடிலயோ கார் ஷெட்லயோ இதை ட்ரை பண்ணாதீங்க.

உலைக்குள்ள சூட்டைக் காட்ட ஒரு மீட்டர் வெச்சிருந்தாங்க, குழாய்க்குப் பக்கத்துல 1200, 1230ன்னு ஓடுச்சு. சுத்த இரும்பு உருகணும்னா 1538 டிகிரி வேணும். இன்னும் 300 டிகிரி பாக்கி. இந்த ரெண்டு நம்பரையும் பெரிசா சார்ட்டுல எழுதி மரத்துல ஒட்டி வெச்சது நல்ல யோசனை, பிள்ளைங்க சும்மா சும்மா போயி மீட்டரையும் சார்ட்டையும் பாத்துப் பாத்து வந்துச்சுங்க.

மதியம் தாண்டி கசடு திறக்கற நேரம். பெரியவரு ஒருத்தர், பரம்பரையா கொல்லுப்பட்டறை வெச்சிருந்த குடும்பமாம், எல்லா பிள்ளைங்களும் தாத்தா தாத்தான்னு சுத்திட்டு இருந்தாங்க, அவர்தான் கம்பியால அடைப்பைக் குத்தித் திறந்தாரு. "தள்ளி நில்லுங்க கண்ணுகளா"ன்னு சொல்லிட்டு ஒரே குத்து. பளபளன்னு ஆரஞ்சு கலர்ல வெல்லப்பாகு கணக்கா இழுத்துட்டு வெளிய வருது, அப்படியே மண்ணுல வழிஞ்சு கருத்து இறுகுது. பாதி பிள்ளைங்க "இரும்பு இரும்பு"ன்னு குதிக்குது. ஆறுனதும் தாத்தா ஒரு துண்டை எடுத்து அதே பட்டறைக்கல்லு மேல வெச்சு, குதிச்ச பிள்ளைங்கள்ல ஒருத்தனைக் கூப்பிட்டு, "அடி சாமி"ன்னாரு. சில்லு சில்லா கண்ணாடிக் கணக்கா தெறிச்சுது. இரும்பு இல்ல. அந்தப் பையன் மூஞ்சியைப் பாக்கணுமே, ஏமாத்தம் பாதி, ஆச்சரியம் பாதி. அது ஓடி வந்தது கல்லு. உருகுனது கல்லுதான், இரும்பு இன்னும் உள்ளயே கெட்டியா உக்காந்திருக்கு.

இது எப்படின்னு அந்த அக்கா விளக்குனதுதான் எனக்கு அன்னைக்குக் கெடைச்ச பெரிய விஷயம். எவ்வளவு அலசுனாலும் தாதுல கொஞ்சம் குவார்ட்ஸ் ஒட்டிட்டுத்தான் இருக்கும். தனி குவார்ட்ஸ் உருகணும்னா 1700 டிகிரி வேணும், அந்த உலைக்கு எட்டாத உயரம். ஆனா இன்னும் ஆக்சிஜன் முழுசா போகாத இரும்பு கொஞ்சம் அந்தக் குவார்ட்ஸோட சேந்துச்சுன்னா ரெண்டும் சேந்து 1200 டிகிரி சுமாருக்கே இளகி ஓடிடும். அப்போ இரும்புல ஒரு பங்கு தன்னைக் குடுத்து கல்லைக் கரைச்சு வெளிய அனுப்புது, மிச்ச இரும்பு தப்பிக்குது. பழைய உலை இருந்த ஊர்ல எல்லாம் கனமா கருப்பா கிட்டம் (இந்தக் கசடு இறுகுனது) குவிஞ்சு கெடக்குமே, அது ஏன் அவ்வளவு கனம்னா அதுக்குள்ள இவ்வளவு இரும்பு போயிருக்கு. வீணாச்சேன்னு எம்பொண்ணு வருத்தப்பட்டா. அந்த இரும்பை அப்படி வீணாக்கலேன்னா அந்தச் சூட்டுல கல்லையும் இரும்பையும் பிரிக்க வேற வழியே இல்ல.

இன்னும் ரெண்டு துருத்தி கூட வெச்சு ஊதி சூட்டை ஏத்தி மொத்தத்தையும் உருக்கிடலாமேன்னு எங்கண்ணன் பையன் விடாப்பிடியா கேட்டான். அதுக்கு தாத்தா சொன்னது, "உருக்கலாம் சாமி, ஆனா அது அடிக்கு ஆகாது." விஷயம் என்னன்னா சூடும் கரியும் அதிகமாச்சுன்னா இரும்பு கார்பனைக் குடிச்சுக்கும், நூத்துக்கு நாலு பங்கு அளவுக்குக் குடிச்சுதுன்னா 1150 டிகிரி பக்கமே உருகி ஓடிடும், பெரிய ஊதுலைல நடக்கறது அதான். ஆனா அப்படி வர்ற வார்ப்பிரும்பு சம்மட்டில அடிச்சா உடைஞ்சிடும், கத்தி அருவா மண்வெட்டி எதுவும் அடிக்க முடியாது. அதைத் திரும்ப கார்பன் போக்கித்தான் அடிக்கற இரும்பா மாத்தணும். அதனால பழைய ஆளுங்க உருக வெக்காம பாத்துக்கிட்டது அவங்களுக்கு வேணும்னேதான், மேல என்ன கலர்ல தீ வருது, குழாய்க்குள்ள பாத்தா மஞ்சளா வெள்ளையான்னு பாத்துப் பாத்து துருத்தியை நிதானமா ஓட்டுவாங்க. மீட்டர் இல்லாம கண்ணாலயே பண்ணிருக்காங்க. எத்தனை தலைமுறை அனுபவம் அது!

சாயங்காலம் உலை முன்பக்கத்தை உடைச்சு, நீளக் கொறட்டுல அடியில இருந்து கட்டியை வெளிய இழுத்தாங்க. பாக்க ஒண்ணும் அழகு இல்ல, ஓட்டை ஓட்டையா கரியும் கசடும் ஒட்டிட்டு செக்கச்செவேல்னு ஒரு உருண்டை. குட்டி குட்டி இரும்புத் துகள் எல்லாம் கீழ இறங்கி, அந்தச் சூட்டுல இளகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இப்படி ஆகுது. உடனே ஒரு மரக்கட்டை மேல வெச்சு மரச்சுத்தியால மெதுவா தட்டறாங்க, முதல்லயே சம்மட்டியைப் போட்டா சிதறிடுமாம். தட்டத் தட்ட உள்ள இருக்கற கசடு பொறியா தெறிக்குது, கட்டி சுருங்குது. திரும்ப காய வெச்சு, திரும்ப தட்டி, அப்பறம் சம்மட்டி. கடைசில தாத்தா ஒரு ஓரத்தை அடிச்சுக் காமிச்சாரு. நசுங்குச்சு. உடையல. அரத்தால ஒரு தேய் தேச்சதும் வெள்ளையா மினுங்குச்சு. காலைல பொடியான கல்லு, மதியம் சில்லான கசடு, இப்ப நசுங்கற இரும்பு, மூணும் அதே பட்டறைக்கல்லு மேல. பிள்ளைங்க கையத் தட்டுனது எனக்கு இன்னும் காதுல கேக்குது.

எடை போட்டுப் பாத்தா உள்ள போட்ட தாதுல அஞ்சுல ஒரு பங்கு கூட தேறல. அதை மறைக்காம சொன்னாங்க, அது பிடிச்சுது. மேக்னடைட்டுல எடைக்கு நூத்துக்கு 72 பங்குதான் இரும்பு, அதுலயும் பாதிக்கு மேல கசடோட போயிடுது, இன்னும் கொஞ்சம் அடிக்கும்போது பொறுக்கா உதிர்ந்துடுது.

வரலாறு செஷன் அரை மணி நேரம். கொடுமணல் பத்தி சொன்னது நல்லா இருந்துச்சு, நொய்யல் கரைல, நம்ம ஈரோடு மாவட்டம்தான், இரும்பு எடுத்த உலையோட மிச்சம் அகழாய்வுல கெடைச்சிருக்கு. கிருஷ்ணகிரி மயிலாடும்பாறைல கெடைச்ச இரும்புக்கு கி.மு. 2172ன்னு காலம் கணிச்சது, அப்பறம் 2025 ஜனவரில தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கைல தூத்துக்குடி சிவகளைக்கு கி.மு. 3345 வரைக்கும் போறது, எல்லாம் சொன்னாங்க. ஆனா அந்தப் பகுதியைப் பேசுனவரு பெருமையைப் பேசுன அளவுக்கு, அந்தக் காலத்தை எதை வெச்சு எப்படிக் கணிச்சாங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லல. காலைல இருந்து எல்லாத்தையும் அடிச்சுப் பாத்து தெரிஞ்சுக்கன்னு பழக்கிட்டு இந்த ஒண்ணை மட்டும் அப்படியே கேட்டுக்கன்னா எப்படிங்க? உலைக்குப் பக்கத்துல கெடைக்கற கரித்துண்டை வெச்சு காலம் எப்படிக் கண்டுபிடிக்கறாங்கன்னு பத்து நிமிஷம் சேத்தா இந்தப் பிள்ளைங்க கெட்டியா பிடிச்சுக்கும், அன்னைக்குப் பூரா கரியோடதானே இருந்துச்சுங்க.

தில்லி இரும்புத்தூண் கதை எல்லாரையும் நிமிர்ந்து உக்கார வெச்சுது. 7 மீட்டருக்கு மேல உயரம், 6 டன்னுக்கு மேல எடை, ஏறக்குறைய 1600 வருஷம் பழசு, அது வார்த்த தூண் இல்ல. இதே மாதிரி உருகாத கட்டிங்களைக் காய்ச்சி அடிச்சு ஒண்ணோட ஒண்ணு சேத்தே அவ்வளவு பெருசா ஆக்கிருக்காங்க. தாத்தா கையில இருந்த கட்டி மூணு கிலோ தேறுமா தெரியல, அதைப் பாத்துட்டு இப்படி எத்தனை கட்டி வேணும் அந்தத் தூணுக்குன்னு பிள்ளைங்க கணக்குப் போட ஆரம்பிச்சிடுச்சுங்க, 6000த்தை மூணால வகுத்து எம்பொண்ணு 2000ன்னு கத்துனா.

நம்ம சேலம் எஃகு பத்தியும் சுருக்கமா சொன்னாங்க. இப்படி எடுத்த இரும்பைத் துண்டு போட்டு, குட்டி மண் மூசைல (உலோகம் உருக்கற மண் கிண்ணம்) ஆவாரங்கட்டையும் எருக்கு இலையும் வெச்சு வாயை மண்ணால அடைச்சு மணிக்கணக்கா காய்ச்சுவாங்க, அப்ப அது கார்பனை அளவா எடுத்துக்கிட்டு உருகி எஃகாகும். இதை 1800கள்ல நம்ம பக்கம் வந்த வெள்ளைக்காரங்க நேர்ல பாத்து எழுதி வெச்சிருக்காங்க, லண்டன்ல ஃபாரடே 1819ல இந்த எஃகை ஆராய்ச்சி பண்ணிருக்காரு. இது தனியா ஒரு நாள் பட்டறையா நடத்த வேண்டிய விஷயம், அரை மணி நேரத்துல அடைச்சது போதல. 1830ல பரங்கிப்பேட்டைல ஹீத்துங்கற வெள்ளைக்காரர் ஆரம்பிச்ச இரும்பு ஆலை பத்தி ஒரு வரி கூட வரல, சேலம் தாதை நம்பி ஆரம்பிச்ச கதை அது, இந்த மலையடிவாரத்துல நடத்தறவங்க அதைச் சொல்லாம விடலாமா.

ஆனா இன்னைக்கு நடக்கறதோட முடிச்சு போட்டது அருமை. இது செத்துப்போன தொழில்நுட்பம் இல்ல. இப்பவும் உருக்காமலே தாதுல இருந்து ஆக்சிஜனைப் போக்கி ஸ்பாஞ்சு இரும்புன்னு பண்றாங்க, உலகத்துலயே இதுல அதிகமா உற்பத்தி பண்றது நம்ம நாடுதான். நீளமா சாஞ்சு சுத்தற உருளைக்குள்ள தாதும் நிலக்கரியும் போட்டு 1000 டிகிரிக்குக் கொஞ்சம் மேல வெச்சே முடிச்சிடறாங்க, அப்பறம்தான் கரண்டு உலைல உருக்கறாங்க. ஸ்வீடன்ல கரியே இல்லாம ஹைட்ரஜனை வெச்சு 2021ல இதைப் பண்ணிக் காமிச்சாங்க, ஹைட்ரஜன் ஆக்சிஜனை இழுத்துட்டுப் போனா வர்றது தண்ணி ஆவி, கார்பன் புகை கெடையாது. இதைச் சொல்லும்போது அந்த அக்கா திரும்ப பிள்ளைங்களை எழுப்பி, கருப்பு நாடாவைக் கழட்டிட்டு வெள்ளை நாடா கட்டி, ரெண்டு ரெண்டு ஹைட்ரஜனா வந்து ஒரு ஆக்சிஜனை இழுக்கற மாதிரி அதே விளையாட்டை ஆட விட்டாங்க. ஏழாவது எட்டாவது பிள்ளைங்க அங்கயே பிடிச்சுக்கிட்டாங்க, ஸ்கூல்ல ஒடுக்கம்னு மனப்பாடம் பண்ணிட்டு இருந்தது இந்த ஆக்சிஜனைப் பிரிக்கறதைத்தான்னு.

இப்ப குறைகளுக்கு வர்றேன். முதல் குறை பெருசு. குடுக்கற புக்லெட்டு. நாள் பூரா இரும்பு உருகாது உருகாதுன்னு சொல்லிக் குடுத்துட்டு, அந்தப் புக்லெட்டோட அட்டைப் படத்துல உலைல இருந்து சிவப்பா ஓடற குழம்புக்கு அம்புக்குறி போட்டு இரும்புன்னு எழுதிருக்கு. அது கசடு! வீட்டுக்கு வந்து அப்பா அம்மா கையில போறது அந்தப் புக்லெட்டுதான், வராத பிள்ளைங்க பாக்கப் போறதும் அதான். எங்கண்ணன் பையன்தான் முதல்ல கண்டுபிடிச்சு அங்கயே பேனாவால அடிச்சு மாத்தி எழுதினான், அவங்களும் சரி பண்றோம்னு சொன்னாங்க. ஒரு ஸ்டாரு போனது முக்கியமா இதுக்குத்தான்.

அப்பறம் கண்ணாடி எல்லாருக்கும் இருந்துச்சு ஆனா கையுறை எல்லாம் பெரியவங்க சைஸு, பிள்ளைங்க கையில நிக்கவே இல்ல. ரெண்டு மணிக்கு மேல தென்னை நிழல் நகர்ந்துடுது, உலைச் சூடு ஒரு பக்கம் வெயிலு ஒரு பக்கம், ஒரு பந்தல் போட்டே ஆகணும். தாது போடற நடுநேரம் மூணு மணி நேரத்துக்கு மேல இழுக்குது, அந்த நேரத்துல சின்னப் பிள்ளைங்களுக்குச் செய்ய ஒண்ணும் இல்லாம தோப்புல ஓட ஆரம்பிச்சிடுதுங்க, அந்த நேரத்துல களிமண் குழாய் செய்ய விடலாம், கரியை அளந்து குடுக்க விடலாம். கூட வந்த ஒரு ஆறு வயசுப் பையன் சம்மட்டிச் சத்தத்துக்கு பயந்து அழுதுட்டான், அதனால 8 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக வேண்டாம்னு சொல்றேன்.

சாப்பாடு தக்காளி சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு, நல்லா இருந்துச்சு. மோரு கேக்கக் கேக்க குடுத்தாங்க. டாய்லெட் ஒண்ணே ஒண்ணு, சுத்தமா இருந்துச்சு.

கட்டணம் பிள்ளைக்கு 900, கூட வர்ற பெரியவங்களுக்கு 300, சாப்பாடு அதுலயே. ஒரு நாள் பூரா கரி, ஆளு, உலைன்னு பாத்தா எனக்கு அதிகமா தெரியல, மால்ல ரெண்டு மணி நேரம் விளையாட விட்டாலே அதுக்கு மேல ஆகுது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தாது ஒரு துண்டு, கிட்டம் ஒரு துண்டு, கரி ஒரு துண்டுன்னு பையில போட்டுக் குடுக்கறாங்க. இரும்பு துண்டு தர மாட்டாங்க, ஒரு கட்டிதானே வருது, அதைத் தாத்தா அடுத்த பேட்ச்சுக்கு உளியா அடிச்சுக் காமிக்கப் போறாராம். கெளம்பும்போது அதைப் பிள்ளைங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க, எம்பொண்ணு இரும்பு கெடைக்கும்னு நெனச்சுட்டே வந்து கடைசில கொஞ்சம் சுணங்கிட்டா.

போறவங்க காட்டன் ட்ரெஸ், மூடின ஷூ, தொப்பி எடுத்துக்கங்க, நைலான் பாலியெஸ்டர் வேண்டாம் பொறி பட்டா ஓட்டை விழும். ஆஸ்துமா இருக்கற பிள்ளைங்களா இருந்தா புகையை யோசிச்சு முடிவு பண்ணுங்க. வெயில் காலத்துல போகாதீங்க, மார்கழி தை மாசத்து பேட்ச்சு கேட்டு வாங்கிக்கங்க. அடுத்த தடவை புக்லெட்டு மாறியிருக்கான்னு யாராச்சும் போனவங்க கீழ சொல்லுங்க, மாறியிருந்தா 5 ஸ்டாரா மாத்திடறேன்.